முன்கண்ணாடி

ஆனி மாதம் பணகுடியில்
எள்ளைத் திறந்த வெளியில் காயப்போட முடியாது.
மலையிறங்கி வரும் காற்று
படுதாவின் நாலு மூலைக் கல்லையும் நகர்த்திவிட்டு
பாதி எள்ளை நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம்
யாரும் கேட்காமலே விதைத்துவிடும்.
மேற்கே வரிசையாய்க் காற்றாலைகள்.
அத்தனையும் சுற்றுகின்றன.
அதற்காக எனக்கு யூனிட் விலை குறைந்ததில்லை.

கூலிக்கு ஆட்டுகிற செக்கு என்னுடையது.
எள் அவர்களது, எண்ணெய் அவர்களது,
பிண்ணாக்கும் கரண்ட் பில்லும் என் பாடு.
இதில்தான் வம்பு.
பதினாறு கிலோ போட்டுக் கருப்பட்டி தட்டிச் சேர்த்தால்
பாதி நேரத்துக்குமேல் எண்ணெய் தானாக இறங்கும்.
கடைசி இருபது நிமிடம்
உலக்கை உறுமும், பெல்ட் கருகும் வாடை வரும்,
கிடைப்பது ஓர் ஆழாக்கு.
நிறுத்தினால்
"பிண்ணாக்குல விட்டுட்டீங்களேக்கா" என்று
புலமாடன் ஒரு கட்டியை எடுத்து நசுக்கிக் காட்டுவான்.
அவன் விரல் மினுங்கும்.
நிறுத்தாவிட்டால்
மீட்டரில் சிவப்பு விளக்கு மினுங்கும்.

மோட்டார்மேல் பழி போட்டு
வள்ளியூரிலிருந்து கோயில்பிச்சையை வரவழைத்தேன்.
பேரிங்கைக் கழற்றிக்
காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டார்.
பெல்ட்டை ஒரு நூல் இழுத்துக் கட்டினார்.
"ஆட்டு முடிஞ்ச பெறவும் ஓடுதே, யாருக்கு?"
அணைத்துப் போட்டால் மறுபடி இழுக்காது என்று
ஆறு வருடமாக நான் அணைத்ததே இல்லை.
பிறகு சாக்குக்குள் முழங்கைவரை கைவிட்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
"எள்ளு குளுந்து கெடக்கு.
மொதக் கால் மணி ஒங்க மோட்டாரு
எண்ணெயா எடுக்கு? அடுப்புல்லா எரிக்குது."

காவல்கிணறு பழைய இரும்புக் கடையில்
ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி கிடந்தது.
ஓரத்தில் சிலந்தி வலைபோல ஒரு விரிசல்,
மேலே பாதி கிழிந்த ஸ்டிக்கர்:
"துணை".
யார் துணை என்ற பகுதி இல்லை.
தகரத் தட்டுக்குக் கரி பூசினேன்.
சுற்றிலும் செங்கல், மேலே கண்ணாடி.
காற்று அதைத் தாண்டிப் போய்விட்டது,
வெயில் மட்டும் உள்ளே இறங்கியது.
காலையில் எள்ளின்மேல் நிழலாய் விழுகிற "துணை"
மதியத்துக்குள் நாலு விரல்கடை நகர்ந்திருக்கும்.
அப்போது அள்ளிச் செக்கில் போடுவேன்.

நாகர்கோவில் அங்காடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.
சூடு காட்டினால் மரச்செக்கு என்ற பேர் போய்விடுமாம்.
கை பொறுக்கிற சூடுதான் என்றேன்.
இப்போது ஏர்வாடியில் ஆட்டுகிறார்.

சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன்:
ஆட்டுக்கு மூன்று யூனிட் என்பது
இரண்டேகால்.
புலமாடன் நசுக்கிப் பார்க்கிறான், விரல் காய்ந்திருக்கிறது.
குறை சொல்ல ஒன்றுமில்லாததில்
அவனுக்கு ஒரு குறை.

இரண்டு பில் இறங்கியதும்
மின்வாரியம் என்னைத் தேடி வந்தது.
தஸ்நேவிஸ் என்று சின்னப் பையன், கையில் டார்ச்.
சீலைப் பார்த்தான், மீட்டருக்குப் பின்னால் விரலோட்டினான்,
ஓட்டுக்கு மேல் கொக்கி தேடினான்.
"வாங்க தம்பி" என்று கொல்லைக்குக் கூட்டிப்போனேன்.

கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி உள்ளே கை வைத்தான்.
சட்டென்று எடுத்தான்.
விரிசலை நெடுநேரம் பார்த்தான்.
"எந்த வண்டிக்கா?"
"தெரியாது."
"உள்ள இருந்தவங்க?"

எடைக்கு எடை போட்டு வாங்கினேனே தவிர
இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

உள்ளே ஓர் ஆட்டு முடிந்திருந்தது.
போய் மோட்டாரை அணைத்தேன்.
அந்த அமைதியில்
மேற்கே ஒவ்வொரு இறக்கையும் காற்றை வெட்டுவது
தனித்தனியாகக் கேட்டது.

நோட்டில் "மீட்டர் சரி" என்று எழுதினான்.
பேனா பிடித்த விரல்களில்
ஐந்தாறு எள் ஒட்டியிருந்தன.
தட்டிவிடாமலே
வண்டியை உதைத்துக் கிளம்பினான்.